காருக்குள் தண்ணீர் ஊறுகிறதா? ஏசி ட்ரேன் பைப்பைத் தேடிச் சுத்தம் செய்வது எப்படி

இடது பக்க முன் இருக்கையில் வந்த அம்மாவின் சேலைக் கரை நனைந்தபோதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் கீழே காப்பெட் முழுக்க ஈரம். அன்று மழையே இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை அலைந்தேன். ஒரு கராஜில் மழைத் தண்ணீர்தான் என்று சொல்லி முன் கண்ணாடி ஓரமெல்லாம் சீலன்ட் அடித்தார்கள். இன்னொரு இடத்தில் ஏசி காஸ் குறைவு என்று நிரப்பினார்கள். மூன்றாவது இடத்தில் டாஷ்போட்டை முழுதாகக் கழற்ற வேண்டும் என்று விலை சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், சுண்டுவிரல் பருமனான ஒரு ரப்பர் குழாயில் சேறும் இலைத்தூளும் அடைத்திருந்தது. அதை எடுக்க முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அதைக் கண்டுபிடித்துத் தந்தவர் மெக்கானிக் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் காவலாளி அண்ணன். "சேர், மத்த எல்லாக் காருக்குக் கீழயும் தண்ணி சொட்டிக் கிடக்கு. உங்க காருக்குக் கீழ மட்டும் காய்ஞ்சு போய் இருக்கு" என்றார். எனக்கு விஷயம் விளங்கியது அந்த நிமிடம்தான். நீங்கள் ஐந்து கிழமை அலையாமல் ஒரு காலை நேரத்தில் இதை முடிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

1. முதலில் காருக்குக் கீழே பாருங்கள்

டாஷ்போட்டுக்குப் பின்னால், பெரும்பாலும் குளோவ் பொக்ஸ் பக்கமாக, ஏசியின் எவாபரேட்டர் இருக்கிறது. கராஜில் கூலிங் கொயில் என்றும் சொல்வார்கள். ஏசி ஓடும்போது அது நன்றாகக் குளிர்ந்துவிடும். ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்பக்கம் எப்படி வியர்க்கிறதோ அப்படித்தான் காற்றிலுள்ள ஈரம் அதில் தண்ணீராகப் படியும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஒரு மணித்தியாலப் பயணத்தில் ஒரு லீற்றருக்கு மேலும் தண்ணீர் சேரலாம். அது கொயிலுக்குக் கீழேயுள்ள தட்டில் வடிந்து, ட்ரேன் பைப் என்ற ஒரு ரப்பர் குழாய் வழியாக நிலத்தில் சொட்ட வேண்டும்.

ஆகவே ஏசி போட்டு ஓடி வந்த காருக்குக் கீழே தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். குழாய் அடைத்தால் தட்டு நிரம்பி, தண்ணீர் உள்ளே வழியும். எங்களுடையவை வலப்பக்க ஸ்டியரிங் கார்கள் என்பதால் இடது பக்கத்தில் இருப்பவரின் காலடிதான் முதலில் நனையும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. திருப்பத்தில் டாஷ்போட்டுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும். ஏசி போட்ட முதல் நிமிடத்தில் ஊறல் நாற்றம் வரும். காலையில் கண்ணாடிகளின் உட்பக்கம் புகார் படிந்திருக்கும். எனக்கு மூன்றும் இருந்தன. வேறு வேறு பிரச்சினைகள் என்று நினைத்துவிட்டேன்.

2. ஏசித் தண்ணீர்தானா என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் என் காசு வீணானது. மூன்று விதமான தண்ணீர் அந்த இடத்துக்கு வரலாம்.

ஏசித் தண்ணீருக்கு நிறமும் பிசுபிசுப்பும் இருக்காது. ரேடியேட்டர் கூலன்ட் என்றால் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஒரு நிறம் இருக்கும், விரலில் வழுக்கும், இனிப்பு மணம் அடிக்கும், முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் படியும். அப்படி இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்றுத் தரும் சின்ன ரேடியேட்டர், ஒழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு நேரே கராஜுக்குப் போங்கள். கூலன்ட் குறையக் குறைய எஞ்சின் சூடேறும். சோதிக்கிறேன் என்று நாவில் வைத்துவிடாதீர்கள், அது நஞ்சு.

மழைத் தண்ணீரா என்று அறிய, மழை இல்லாத இரண்டு நாள் வேண்டும். காப்பெட்டை நன்றாக ஒற்றி எடுத்து, மேலே ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரியுங்கள். முதல் நாள் ஏசி போடாமல் ஓடுங்கள். இரண்டாம் நாள் ஏசி போட்டு ஓடுங்கள். இரண்டாம் நாள் மட்டும் தாள் நனைந்தால் காரணம் ஏசிதான்.

இன்னும் விரைவாகத் தெரிய வேண்டுமென்றால் திறந்த வெளியில் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை மிகக் குளிராக வைத்து, காற்று வெளியிலிருந்து வரும் நிலையில் விடுங்கள். பதினைந்து நிமிடத்தில் கீழே சொட்டத் தொடங்க வேண்டும். இதைத் தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் செய்யாதீர்கள். மூடிய இடத்தில் எஞ்சின் புகை ஆளைக் கொல்லும்.

3. ஆவணங்களையும் படங்களையும் தயார் செய்யுங்கள்

ஒரு ரப்பர் குழாய்க்கு ஆவணம் எதற்கு என்று தோன்றும். எனக்குத் தேவைப்பட்டது.

வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றை போனில் வைத்திருங்கள். குழாய் கிழிந்திருந்தால் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டி வரும். அங்கே கடைக்காரர் முதலில் கேட்பது மாடல் கோட். "அக்வா" என்று சொன்னால் போதாது, "என்எச்பி 10" என்று சொல்ல வேண்டும். "வேகன் ஆர்" என்றால் "எம்எச் 55" மாதிரி. அந்தக் கோட் பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கத்தின் முன் பகுதியில் இருக்கும். எஞ்சின் பகுதியில் அல்லது கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து வந்த கார்களின் கையேடு ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். இந்த வேலைக்கு அது தேவையில்லை.

வாங்கிய இடத்தின் உத்தரவாதம் இன்னும் இருந்தால், எதையும் தொட முன் அந்தத் தாளை வாசியுங்கள். நீங்களே கழற்றினால் உத்தரவாதம் போய்விடுமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்புறுதியைப் பொறுத்தவரை, பாவனையில் வந்த அடைப்புக்குப் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டி மாதிரிப் பகுதிகளில் வெள்ளம் ஏறி, சேறு போய் அடைத்திருந்தால் கதை வேறு. உங்கள் பத்திரத்தில் வெள்ளத்துக்கான காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சுத்தம் செய்ய முன் படம் எடுத்து, நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். கழுவித் துடைத்த காருக்கு நட்டஈடு கேட்பது கஷ்டம்.

கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சீலன்ட் அடித்தவரிடம் நான் வாங்கவில்லை. திரும்பப் போய்க் கேட்க என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

4. சாமான்கள், செலவு, நேரம்

வேண்டியவை: டோர்ச் லைட், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பழைய துணி, ஒரு சின்ன பேசின், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச், அப்புறம் புல் வெட்டும் மெசினுக்குப் போடும் தடித்த நைலோன் தங்கூசி ஒரு மீற்றர். தங்கூசி பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். அது வளையும், ஆனால் மடங்காது. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சாமானை நான் காணவில்லை.

தண்ணீரையும் இழுக்கும் வாக்குவம் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். சேவிஸ் ஸ்டேஷன்களில் அது இருக்கும்.

என் செலவுக் கணக்கைச் சொல்கிறேன். விலை இடத்துக்கு இடம் மாறும், ஒரு பருமட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீலன்டுக்கு 6,000 ரூபா, காஸுக்கு 9,500 ரூபா. இந்த இரண்டும் வீண். டாஷ்போட் கழற்றக் கேட்டது 38,000 ரூபா. நல்ல வேளை, கொடுக்கவில்லை. உண்மையில் தேவைப்பட்டது தங்கூசிக்கு 150 ரூபா, புது ஏசி ஃபில்டருக்கு 2,200 ரூபா, காப்பெட்டைக் கழற்றிக் கழுவிக் காயவைக்க 12,000 ரூபா. முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் அந்தக் கடைசிச் செலவும் வந்திருக்காது.

குழாயைத் தேட இருபது நிமிடம், சுத்தம் செய்ய முக்கால் மணித்தியாலம். காப்பெட் காய இரண்டு மூன்று நாள். காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிமழை வரும். திறந்து போட்ட காப்பெட் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கு நல்ல காலம்.

5. குழாயைத் தேடுங்கள்

புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஞ்சினை நிறுத்தி, ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். ஹைபிரிட் கார் என்றால் சத்தம் இல்லாததால் நிறுத்திவிட்டதாக நினைக்க வேண்டாம். டாஷ்போட்டிலுள்ள ரெடி விளக்கு அணைந்திருக்க வேண்டும், திறப்பு காருக்கு எட்டத்தில், வீட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையை உள்ளே விட்டிருக்கும்போது எஞ்சின் தானாக ஓடத் தொடங்கலாம். செம்மஞ்சள் நிற வயர்களை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்; அவை உயர் மின்னழுத்த வயர்கள்.

பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் பயணிகள் பக்கத்தைப் பிரிக்கும் இரும்புச் சுவரைப் பாருங்கள். அதன் நடுவில் அல்லது சற்று இடப்பக்கமாக இரண்டு அலுமினியக் குழாய்கள், ஒன்று தடித்தது மற்றது மெல்லியது, சுவருக்குள் போகும். அவை ஏசி காஸ் குழாய்கள். எவாபரேட்டர் அதற்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. இனி டோர்ச்சை அங்கிருந்து நேரே கீழே இறக்குங்கள். ஒரு சாணோ இரண்டு சாணோ கீழே, முழங்கை மாதிரி வளைந்த கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்று சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மறுமுனை எதிலும் பொருந்தியிருக்காது, நிலத்தைப் பார்த்தபடி வெறுமனே திறந்திருக்கும். அதுதான்.

அதே சுவரில் இன்னும் இரண்டு ரப்பர்க் குழாய்கள் இருக்கும். அவை தடித்தவை, கிளிப் போட்டு இறுக்கியிருக்கும், மறுமுனை எஞ்சினுக்குப் போகும். அவை ஹீட்டர் குழாய்கள். உள்ளே கொதிக்கும் கூலன்ட் இருக்கும். அவற்றைக் கழற்றினால் கை வெந்துவிடும். கிளிப் இருந்தால் அது நீங்கள் தேடும் குழாய் இல்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து தெரியாவிட்டால், சில கார்களில் குழாய் இடது காலடித் தளத்தைத் துளைத்து, சைலன்சர் பைப் போகும் பள்ளத்துக்கு அருகே வெளிவரும். இன்னும் சிலவற்றில் உள்ளேயே, நடு கொன்சோலின் இடப்பக்கம் காப்பெட்டை விலக்கினால் குழாய் இறங்குவது தெரியும். அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஒலிச் சாதனமோ காப்பெட்டோ மாற்றும்போது அது கழன்றிருந்தால், அடைப்பே இல்லாமல் தண்ணீர் உள்ளே கொட்டும்.

கீழே போய்ப் பார்க்க வேண்டுமா? ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்காதீர்கள். ஜக் சறுக்கினால் காப்பாற்ற நேரம் இருக்காது. காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் இல்லையென்றால் ஒயில் மாற்றக் கொடுக்கும் நாளில், கார் மேலே ஏறியிருக்கும்போது பார்த்துத் தரச் சொல்லுங்கள். நான் போன சேவிஸ் ஸ்டேஷனில் அதற்குத் தனியாகக் காசு எடுக்கவில்லை. பாஸ் சிங்களம் மட்டும் கதைப்பவர் என்றால் "ஏசி வத்துர பட்டே ஹிரவெலா" (ஏசித் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது) என்று சொன்னால் போதும். ட்ரேன் பைப் என்றாலும் புரியும்.

6. அடைப்பை எடுங்கள்

முதலில் கண்ணாடியைப் போட்டு, பேசினைக் கீழே வையுங்கள். முகத்தைக் குழாய்க்கு நேரே வைக்காதீர்கள். அடைப்பு விடும்போது உள்ளே நின்ற தண்ணீர் ஒரேயடியாக வரும்.

குழாயின் வாயை விரலால் மெதுவாகப் பிதுக்கிப் பாருங்கள். சில குழாய்களின் முனை வாத்தின் அலகு மாதிரி ஒட்டியிருக்கும். பிதுக்கினாலே சேறு விழுந்து தண்ணீர் வந்துவிடும். எனக்கு அவ்வளவில் வரவில்லை. தங்கூசியின் முனையை நெருப்பில் லேசாகக் காட்டி மழுங்கவைத்து, சுழற்றிச் சுழற்றி உள்ளே விட்டேன். வளைவில் தடைப்பட்டது. இழுத்து, திருப்பி, மறுபடி விட்டேன். மூன்றாம் முறை ஏதோ மெத்தென்று நகர்ந்தது. முதலில் கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. பின்னாலேயே தேநீர் நிறத்தில் தண்ணீர் பாய்ந்து பேசின் பாதிக்கு மேல் நிறைந்தது. அந்தக் கட்டியை விரலால் உடைத்துப் பார்த்தேன். உள்ளே மாரா மரத்தின் சிற்றிலைகள். அலுவலகத்துக்கு வெளியே நிழலுக்காக நான் தினமும் நிறுத்தும் மரம் அதுதான். இலை முன் கண்ணாடிக்குக் கீழுள்ள சல்லடையில் விழுந்து, காற்றோடு உள்ளே போயிருக்கிறது. ஏசி ஃபில்டர் இருந்திருந்தால் தடுத்திருக்கும். திறந்து பார்த்தபோது என் காரில் ஃபில்டரே போட்டிருக்கவில்லை.

குழாய்க்குள் பத்துப் பதினைந்து சென்டிமீற்றருக்கு மேல் தங்கூசியைத் தள்ளாதீர்கள். அதற்கு மேலே எவாபரேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கின்றன.

அப்படியும் வராவிட்டால் வாக்குவத்தின் வாயைக் குழாயோடு சேர்த்து, சுற்றித் துணியைப் பொத்திப் பிடித்து, அரை நிமிடம் இழுங்கள். கெட்டியான சேறு என்றால் சிரிஞ்சால் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஏற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி இழுக்கலாம்.

செய்யக் கூடாதவை சில உண்டு.

கம்பி விடாதீர்கள். எவாபரேட்டரில் ஒரு ஓட்டை விழுந்தால் காஸ் போய்விடும். அப்போது உண்மையிலேயே டாஷ்போட்டைக் கழற்ற வேண்டி வரும்.

தென்னை ஈர்க்குக் குச்சியும் வேண்டாம். கையில் கிடைக்கும் என்று எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான். வளைவில் முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

டயர்க் கடைக் காற்றை முழு அமுக்கத்தில் அடிக்க விடாதீர்கள். சேற்றுத் தண்ணீர் மேலே ஏறி புளோவர் மோட்டரிலும் வயர்களிலும் தெறிக்கும், உள்ளே குழாய் கழன்றும் போகலாம். அசிட், பிளீச் எதுவும் ஊற்றாதீர்கள்; அலுமினியத்தை அரிக்கும்.

பழைய ரப்பரைக் குறடால் பிடித்து இழுக்காதீர்கள். கழற்ற வேண்டியிருந்தால் கையால் திருகி இழுங்கள். கிழிந்தால் அந்தத் துண்டையே மாதிரிக்குக் கொண்டு போய் வாங்குங்கள்.

அடித்தளத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகு பிரச்சினை தொடங்கியிருந்தால், பூச்சு குழாயின் வாயை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடுவதும் உண்டு. இரண்டையும் நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிடலாம்.

7. வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்

இரண்டாம் படியில் சொன்ன சோதனையையே மறுபடி செய்யுங்கள். நான் கீழே ஒரு வெற்று யோகட் கோப்பையை வைத்தேன். பத்து நிமிடத்தில் நிரம்பி வழிந்தது. தண்ணீர் தெளிவாக, விட்டு விட்டு இல்லாமல் ஒரே சீராகச் சொட்ட வேண்டும்.

எவாபரேட்டரைக் கழுவும் நுரை ஸ்பிரே அடிப்பதென்றால் இதற்குப் பிறகுதான். குழாய் அடைத்திருக்கும்போது அடித்தால் அந்த நுரையும் உள்ளேயே தேங்கி, நாற்றம் கூடும்.

8. காப்பெட்டைக் காயவையுங்கள்

பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். கீழே இரண்டு விரல் தடிப்பில் பஞ்சு இருக்கிறது; அது பல லீற்றர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டால் காயும் என்று காத்திருந்தேன். கொழும்புக் காற்றில் அது காயவில்லை. நான்காம் நாள் பூஞ்சணம் பிடித்தது. வீட்டில் இழுப்பு உள்ளவர்கள் இருந்தால் அந்தக் காரில் ஏற்றவே கூடாது.

கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டியைக் கையால் மேலே இழுத்தால் கழன்று வரும். காப்பெட்டைத் தூக்கி, கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். துவாயை வைத்துக் காலால் மிதித்து மிதித்து ஒற்றி எடுங்கள். பிறகு மேசை விசிறியை ஓர் இரவு முழுக்க அதற்குள் வீசவிடுங்கள். பகலில் கதவைத் திறந்து வெயிலில் வையுங்கள். பஞ்சை அமுக்கும்போது ஈரம் வரக் கூடாது. அதுவரை மூடாதீர்கள்.

அங்கே வயர் இணைப்புகள் போகும். பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தால் ஓட்டோ இலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டுங்கள். மஞ்சள் நிற இணைப்புகள் எயார்பேக்குக்கு உரியவை, அவற்றைக் கழற்றாதீர்கள். இருக்கையை எடுக்க வேண்டிய அளவுக்கு ஊறியிருந்தால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். நான் 12,000 ரூபா கொடுத்தது அதற்குத்தான்.

9. மறுபடி அடைக்காமல் இருக்க

குளோவ் பொக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். என் காரைப் போல உங்களுடையதிலும் இல்லாமல் இருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மரத்துக்குக் கீழே நிறுத்துபவர்கள் அதற்கு முன்பே.

முன் கண்ணாடிக்குக் கீழே சேரும் இலைகளைக் கிழமைக்கு ஒரு தடவை கையால் அள்ளிப் போடுங்கள். வீடு சேர மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை நிப்பாட்டி, காற்றை மட்டும் ஓடவிடுங்கள். கொயில் காய்ந்துவிடும், நாற்றம் பிடிக்காது.

ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் குழாயின் வாயையும் பார்க்கச் சொல்கிறேன். கடைசியாகப் பார்த்த திகதியை ஒரு டேப் துண்டில் எழுதி, குளோவ் பொக்ஸ் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இரவில் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு இறங்கும்போது, போன் வெளிச்சத்தில் இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் லிஃப்ட்டுக்குப் போவேன். அங்கே ஈரம் இருக்க வேண்டும்.